விரலளவு மீனும் வீடளவு பொறுப்பும்

 

இம்மாதம் நம் பகுதியில் பேச எடுத்துக்கொண்ட பொருள் சிலருக்கு வியப்பளிக்கலாம். கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்ப்பதைப் பற்றி, அதிலும் குறிப்பாக மீசை முளைத்த பெரிய கெளுத்தி வகைகளை வளர்ப்பதைப் பற்றிச் சற்று விரிவாகப் பார்க்கப் போகிறோம். இது பொழுதுபோக்குதானே, இதில் எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் பொறுமையுடன் இறுதிவரை படிக்க வேண்டுகிறோம். ஒரு குழந்தையின் ஆசையில் தொடங்கும் இந்த விஷயம், ஊர்க் குளத்தின் கரை வரைக்கும் போய்ச் சேருகிறது.

சென்னையிலும் மதுரையிலும் மட்டும் காணப்பட்ட கண்ணாடித் தொட்டிகள் இப்போது சங்கரன்கோவில், புளியங்குடி, கடையநல்லூர் போன்ற நம் ஊர் வீடுகளின் முன்கூடங்களையும் அலங்கரிக்கின்றன. முழு ஆண்டுத் தேர்வு முடிந்ததும், "அத்தா, ஒரு மீன் தொட்டி வாங்கித் தாங்க" என்று பிள்ளைகள் கேட்பதும், வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வந்திருக்கும் தகப்பனார் மறுக்க மனமின்றி அழைத்துச் செல்வதும் வழக்கமாகிவிட்டது. இதில் தவறேதும் இல்லை. தாம் வளர்த்த சிட்டுக்குருவி இறந்துபோன துயரில் இருந்த சிறுவர் அபூ உமைரிடம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அன்புடன் அக்குருவியைப் பற்றி விசாரித்த செய்தியை நாம் அறிவோம். பிள்ளைகள் ஓர் உயிரை நேசித்து வளர்ப்பது நல்ல பழக்கமே. எந்த உயிரை, எந்த இடத்தில், எத்தனை காலத்துக்கு என்பதே நம் கேள்வி.

கடையில் என்ன நடக்கிறது? கப்பி, மோலி, தங்கமீன் எனப் பல தொட்டிகள் இருக்க, பையனின் கண் ஒரு மூலைத் தொட்டியில் போய் நிற்கிறது. கரிய முதுகு, வெண்ணிற வயிறு, குங்குமச் சிவப்பில் ஒரு வால், முன்னே நீட்டிய மீசைகள். விரலளவே உள்ள அந்த மீன், கண்ணாடிக்கு அப்பாலிருந்து அவனையே உற்று நோக்குவது போல் இருக்கிறது. விலையும் கைக்கு அடக்கமாக உள்ளது. பாலிதீன் பையில் நீரும் காற்றும் அடைத்து ரப்பர் வளையம் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். அந்த மீன் எவ்வளவு பெரிதாகும் என்று வாங்குபவரும் கேட்பதில்லை. விற்பவரும் பெரும்பாலும் சொல்வதில்லை.

கெளுத்திக் குடும்பம்

கெளுத்தி நமக்குப் புதிய மீனன்று. குளம் வற்றும் காலத்தில் விரால், குறவை, ஆரால், அயிரை ஆகியவற்றோடு கெளுத்தியும் தேளியும் நம் சமையற்கட்டுக்கு வந்துகொண்டுதான் இருந்தன. தேளியின் முள் குத்தினால் எப்படிக் கடுக்கும் என்பதைக் குளத்தில் இறங்கிய பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

உலகில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கெளுத்தி இனங்கள் உள்ளன. இவற்றின் உடலில் சாதாரணச் செதில்கள் கிடையா. வாயைச் சுற்றியுள்ள மீசைகளே இவற்றுக்கு இருட்டிலும் கலங்கல் நீரிலும் வழிகாட்டிகள். மீசைகளில் மட்டுமின்றி உடலின் மேற்பரப்பெங்கும் சுவையை உணரும் மொட்டுகள் அமைந்துள்ளன என்பது இறைவனின் படைப்பு விந்தைகளுள் ஒன்று. இக்குடும்பத்தில் விரல் நீளத்துக்கு மேல் வளராதவையும் உண்டு. மனிதனைவிடப் பெரியவையும் உண்டு. 2005ஆம் ஆண்டில் தாய்லாந்தில் மீகாங் நதியில் பிடிபட்ட ஒரு பெருங்கெளுத்தியின் எடை 293 கிலோ, நீளம் 2.7 மீட்டர். ஆகவே கெளுத்தி என்ற ஒரே பெயரை வைத்துக்கொண்டு, எல்லாம் நம் குளத்துக் கெளுத்தியின் அளவில் நின்றுவிடும் என்று எண்ணுவது பிழையாகும்.

கடைகளில் காணும் நான்கு மீன்கள்

முதலாவது, மேலே சொன்ன செவ்வால் கெளுத்தி. இதன் தாயகம் தென்னமெரிக்காவின் அமேசான், ஒரினோகோ நதிப் படுகைகள். கடையில் இரண்டு மூன்று அங்குல அளவில் விற்கப்படும் இம்மீன், வயிறார உணவிட்டால் முதலாண்டிலேயே ஓரடியைத் தாண்டிவிடும். முழு வளர்ச்சியில் மூன்று முதல் நான்கு அடி நீளம் இருக்கும். அதன் நதிகளில் 50 கிலோவுக்கும் மேற்பட்ட எடையுள்ளவை பிடிபட்டிருக்கின்றன. பதினைந்து ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியது. அதாவது, ஐந்தாம் வகுப்புப் படிக்கும் பையன் வாங்கிய மீன், அவன் கல்லூரியை முடித்து வேலைக்குப் போன பின்னும் உயிரோடிருக்கும்.

இரண்டாவது, 'ஷார்க்' என்று விற்கப்படும் வெள்ளி நிற மீன். இது சுறாவன்று, மீகாங், சாவோ பிரயா ஆகிய தென்கிழக்காசிய நதிகளைச் சேர்ந்த பங்காசியஸ் என்னும் கெளுத்தி. உணவகங்களில் 'பாசா' என்ற பெயரில் முள்ளில்லாத் துண்டுகளாகப் பரிமாறப்படுவதும் பெரும்பாலும் இதுவேதான். 1990களின் நடுப்பகுதியில் வங்கதேசத்தின் வழியாக நம் நாட்டுக்குள் வந்து, இன்று ஆந்திரத்தில் பெருமளவில் பண்ணைகளில் வளர்க்கப்படுகிறது. குட்டையில் விட்டால் ஓராண்டுக்குள் ஒரு கிலோ எடையை எட்டும் இம்மீன் நான்கடிக்கு மேலும் வளரக்கூடியது. கூட்டமாக நெடுந்தூரம் நீந்தும் இயல்புடைய இதற்குப் பார்வை மந்தம், பயம் அதிகம். கதவு படாரென்று சாத்தப்பட்டாலே மிரண்டு ஓடிக் கண்ணாடியில் மோதி, மூக்கையும் கண்ணையும் புண்ணாக்கிக்கொள்ளும்.

மூன்றாவது, 'டேங்க் கிளீனர்' என்னும் சக்கர் மீன். கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு பாசியைச் சுரண்டுவதால், மற்ற மீன்களின் கழிவையெல்லாம் இது தின்று தொட்டியைத் தூய்மையாக்கும் என்ற நம்பிக்கை பரவியிருக்கிறது. இது உண்மையன்று. மற்ற மீன்களின் கழிவை இது உண்பதில்லை. இது வெளியேற்றும் கழிவோ மிக அதிகம். கேடயம் போன்ற எலும்புத் தகடுகள் போர்த்திய இம்மீன் ஒன்றரையடி வரை வளரும்.

நான்காவது, ஆப்பிரிக்கக் கெளுத்தி. சில இடங்களில் இதன் வெண்ணிற வகையை அழகு மீனென்று விற்கிறார்கள். ஒன்றரை மீட்டருக்கும் மேல் வளரக்கூடிய இம்மீன் கண்ணில் பட்டதையெல்லாம் விழுங்கும். காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் உறுப்பு இருப்பதால் ஈரமான இரவில் தரையில் ஊர்ந்து வேறு நீர்நிலைக்குச் செல்லவும், வற்றும் குளத்தின் சேற்றில் புதைந்து உயிர்தரிக்கவும் வல்லது. இதை வளர்ப்பதற்கு மத்திய அரசு 2000ஆம் ஆண்டிலேயே தடை விதித்துள்ளது. தடையை மீறிப் பண்ணைக் குட்டைகளில் வளர்க்கப்பட்டவற்றைத் தமிழகத்திலும் அதிகாரிகள் கண்டறிந்து அழித்திருக்கிறார்கள். இதை அறியாமல் வாங்கி வந்து வீட்டில் வைத்திருப்பதும் சட்டத்துக்கு மாறானதே.

ஒரு சிறு கணக்கு

வீட்டுப் பிள்ளைகளைக் கூட வைத்துக்கொண்டு இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். மூன்று அங்குல மீன் மூன்றடி, அதாவது 36 அங்குலம் ஆகிறது என்றால், நீளம் 12 மடங்கு பெருகுகிறது. எடையும் 12 மடங்குதான் கூடும் என்று பலர் எண்ணுவர். அப்படியன்று. நீளம், அகலம், உயரம் ஆகிய மூன்றும் ஒருசேரப் பெருகுவதால், எடை ஏறத்தாழ 12 × 12 × 12, அதாவது 1,728 மடங்கு ஆகிறது. உணவும் கழிவும் அதற்கேற்பப் பன்மடங்காகும்.

இனித் தொட்டிக்கு வருவோம். நம் வீடுகளில் பெரும்பாலும் வைக்கப்படும் தொட்டி இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் கொண்டது. அது விளிம்பு வரை நிறைந்தாலும் 57 லிட்டருக்குமேல் கொள்ளாது. முழு வளர்ச்சியடைந்த செவ்வால் கெளுத்தி அதனுள் திரும்பக்கூட முடியாது, படுக்கவும் முடியாது. அம்மீன் ஓரளவு நீந்தித் திரும்ப வேண்டுமானால், 12 அடி நீளமும் 6 அடி அகலமும் 3 அடி ஆழமும் உள்ள தொட்டியாவது வேண்டும். அதில் நிறையும் நீர் 6,100 லிட்டர். எடை ஆறு டன்னுக்கும் மேல். ஒரு சிறிய தண்ணீர் லாரியை முன்கூடத்தில் நிறுத்துவது போலாகும்.

மாடியில் குடியிருப்போர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். குடியிருப்பு அறைகளின் தளம் ஒரு சதுர மீட்டருக்கு 200 கிலோ சுமையைத் தாங்கும்படி வடிவமைக்கப்பட வேண்டும் என்பது இந்தியத் தர விதி. மூன்றடி ஆழ நீர் ஒரு சதுர மீட்டரில் 900 கிலோவுக்கு மேல் அழுத்தும். தளம் தாங்க வேண்டியதைவிட இது நான்கு மடங்குக்கும் அதிகம். தரைத்தளத்தில் தனியே அடித்தளமிட்டுக் கட்டினாலன்றி இத்தகைய தொட்டியை வீட்டில் வைப்பது ஆபத்து.

தண்ணீருக்கு எங்கே போவது? பெரிய மீன் வாழும் தொட்டியில் வாரந்தோறும் மூன்றில் ஒரு பங்கு நீரையாவது மாற்ற வேண்டும். 6,100 லிட்டரில் மூன்றில் ஒரு பங்கு என்றால் 2,000 லிட்டர். பதினைந்து லிட்டர் பிடிக்கும் குடத்தில் கணக்கிட்டால் 130 குடத்துக்கும் மேல். மழை பொய்த்த கோடையில் ஒரு குடம் நீருக்காக நம் பெண்கள் வரிசையில் நின்ற நாட்களைச் சங்கரன்கோவில் வட்டாரத்தார் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்த நீரை ஒரு மீனுக்காகக் கொட்டுவது நியாயமா என்பதை அவரவர் மனசாட்சிக்கு விடுகிறோம்.

நீருக்குள் நடப்பது என்ன?

தொட்டி நீர் தெளிவாக இருந்தால் அது நல்ல நீர் என்று பலர் கருதுகின்றனர். கண்ணுக்குத் தெரியாத நஞ்சே அதிகம் கொல்கிறது. மீன் தன் செவுள் வழியே அம்மோனியாவை வெளியேற்றுகிறது. மிஞ்சிய உணவு அழுகும்போதும் அதுவே உண்டாகிறது. வடிகட்டியின் பஞ்சிலும் கற்களிலும் குடியேறும் நுண்ணுயிர்கள் அம்மோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. முதலிரண்டும் மீனுக்குக் கொடிய நஞ்சு. மூன்றாவதன் கேடு குறைவு. இந்நுண்ணுயிர்கள் பெருகி நிலைபெற நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். புதுத் தொட்டியில் அன்றைக்கே மீன்களை விட்டு, ஒரு வாரத்தில் ஒவ்வொன்றாக இறப்பதைக் கண்டு "கண்ணேறு பட்டுவிட்டது" என்று சொல்வோர் இதனை அறிய வேண்டும். வடிகட்டியின் பஞ்சைக் குழாய் நீரில் அலசிப் பிழிந்தால், அதிலுள்ள குளோரின் இந்த நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலச வேண்டும். புதுநீரை ஒருநாள் திறந்த பாத்திரத்தில் வைத்திருந்து குளோரின் நீங்கிய பின் ஊற்ற வேண்டும்.

வெயிற்காலத்தில் மற்றொரு இடர் உண்டு. நீர் சூடாக ஆக, அதில் கரைந்து நிற்கும் உயிர்க்காற்று குறையும். 25 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நீர் 8 மில்லிகிராமுக்குச் சற்று அதிகமாக உயிர்க்காற்றைத் தாங்கும். 30 டிகிரியில் அது ஏழரை மில்லிகிராம் அளவுக்கு இறங்கிவிடும். அதே நேரத்தில் வெப்பத்தால் மீனின் தேவையோ கூடுகிறது. சித்திரை மாதப் பகலில் மின்சாரம் நின்று காற்றுக் குழாயும் நின்றால், பெரிய மீனே முதலில் மூச்சுக்குத் திணறும்.

உணவு விஷயத்திலும் எச்சரிக்கை தேவை. கெளுத்திக்கு இறைச்சி பிடிக்கும் என்று சொல்லி, குர்பானிக் காலத்தில் மிஞ்சும் கொழுப்பையும் ஈரலையும் தொட்டியில் போடும் பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. ஆடு மாடுகளின் கொழுப்பை மீனின் உடல் சரிவரச் செரிக்காது. அது ஈரலில் படிந்து நோயாக மாறும். தங்கமீன் குஞ்சுகளை உயிரோடு போட்டு வேடிக்கை பார்ப்பதும் தீது. அது பிள்ளைகளின் மனத்தை மரத்துப்போகச் செய்வது ஒருபுறம். தங்கமீனில் பி1 வைட்டமினை அழிக்கும் பொருள் இருப்பதால், அதையே தொடர்ந்து தின்னும் மீன் நலிவது மறுபுறம். செவ்வால் கெளுத்தியோ தொட்டியில் கிடக்கும் கூழாங்கல்லையும் விழுங்கிவிடும்.

'தொட்டிக்கேற்ற வளர்த்தி' என்னும் மயக்கம்

"தொட்டி சிறிதாக இருந்தால் மீனும் சிறிதாகவே இருந்துவிடும்" என்ற பேச்சைக் கேட்டிருப்பீர்கள். இதைவிடத் தவறான ஆறுதல் வேறில்லை. இடம் போதாமையாலும் கழிவு சேர்வதாலும் வளர்ச்சி தடைபடுவது உண்டு. அது மீன் தன் அளவைத் தானே தீர்மானித்துக் கொண்டதாகாது, நோயின் அடையாளமேயாகும். முதுகெலும்பு வளையும், துடுப்புகள் தேயும், ஆயுள் குறையும். வளரும் பிள்ளைக்குச் சிறிய செருப்பைப் போட்டுவிட்டு, காலும் அதற்கேற்பச் சிறுத்துவிடும் என்று சொல்வாருண்டோ?

பூனையைக் கட்டி வைத்து, உணவும் தராமல், தானே தேடித் தின்னவும் விடாமல் சாகடித்த பெண்ணின் நிலை என்னவாயிற்று என்ற ஹதீஸை நம் மதரஸாப் பிள்ளைகளும் அறிவார்கள். உணவு தந்துவிட்டால் மட்டும் பொறுப்புத் தீர்ந்துவிடுமா? திரும்பவும் இடமில்லாத கண்ணாடிச் சிறையில் ஓர் உயிரை ஆண்டுக்கணக்கில் வைத்திருப்பதையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டாமா? மீனுக்குக் குரல் இல்லை. நாயும் பூனையும் போல் அது ஓலமிடாது. ஆகவே அதன் துன்பம் நம் காதுக்கு எட்டுவதில்லை.

குளத்தில் விட்டுவிடலாமா?

இப்போது முக்கியமான கட்டத்துக்கு வருகிறோம். மீன் பெரிதாகிவிட்டது, தொட்டி போதவில்லை, கொன்றுவிடவும் மனமில்லை. அப்போது வீட்டில் எவரேனும் ஒருவர் சொல்வார்: "பாவம், குளத்தில் கொண்டு போய் விட்டுவிடுவோம், அது பிழைத்துப் போகட்டும்." இரக்கத்தில் பிறந்த இந்தச் சொல்லே பெருங்கேட்டுக்கு வித்தாகிறது.

நம் வட்டாரம் குளங்களின் வட்டாரம். மேற்குத் தொடர்ச்சி மலையில் பெய்யும் மழையும் ஐப்பசி, கார்த்திகை மழையும் ஓடைகளாக வந்து குளத்தை நிரப்புகின்றன. ஒரு குளம் நிறைந்து மறுகால் பாய்ந்தால், அந்நீர் அடுத்த குளத்துக்குச் செல்கிறது. அங்கிருந்து அதற்கடுத்த குளத்துக்கு. இவ்வாறு சங்கிலியாகப் பிணைக்கப்பட்ட நீர்நிலைகளில், ஓர் ஊரில் விட்ட மீன் ஒரே மழைக்காலத்தில் பல ஊர்களுக்குப் போய்ச் சேரும். ஒரு வீட்டின் முடிவு ஊர் முழுமைக்குமான முடிவாகிவிடுகிறது.

இது வெறும் அச்சமன்று. நடந்து முடிந்த செய்தி. நமக்கு அண்டையிலுள்ள திருவனந்தபுரம் நகரின் சாக்கைக் கால்வாயில், தென்னமெரிக்கச் சக்கர் மீன்கள் பெருகியிருப்பதைக் கேரள ஆய்வாளர்கள் பல ஆண்டுகளுக்கு முன்பே பதிவு செய்தனர். அலங்காரத் தொட்டிகளிலிருந்து வெளியேறியவற்றின் வழித்தோன்றல்களே அவை. 2018ஆம் ஆண்டுக் கேரளப் பெருவெள்ளத்தின்போது, வளர்ப்பிடங்களிலிருந்து தப்பிய அரபைமா, முதலைமூக்கு மீன் முதலிய அயல்நாட்டுப் பெருமீன்கள் ஆறுகளில் மீனவர் வலைகளில் சிக்கின. ஹைதராபாத்திலுள்ள செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மைய அறிவியலாளர்கள், நீரில் கரைந்துள்ள மரபணுத் தடயங்களைக் கொண்டு கிழக்குத் தொடர்ச்சி மலைப்பகுதி நீர்நிலைகளை ஆராய்ந்து, ஏறத்தாழ 60 விழுக்காட்டில் சக்கர் மீன் புகுந்துவிட்டதாக 2024இல் அறிவித்தனர். கடல் கடந்த மெக்சிகோ நாட்டின் இன்ஃபியர்னிஜோ நீர்த்தேக்கத்தில், ஒரு காலத்தில் திலேப்பியா மீன் பிடித்துச் செழித்திருந்த மீனவர்களின் வலைகளில், பிறகு விலைபோகாத சக்கர் மீன்களே நிறைந்தன.

சக்கர் மீன் முட்டையிடுவதற்காகக் கரையைக் குடைந்து சுரங்கம் தோண்டுகிறது. மண் கரைகளையே நம்பியிருக்கும் நம் குளங்களுக்கு இது என்ன செய்யும் என்பதை விவசாயிகள் நன்குணர்வார்கள். அதன் முட்கள் மீனவரின் வலையைக் கிழிக்கும். ஆந்திரத்தில் மீனவர்கள் இதற்குப் பேய்மீன் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஆப்பிரிக்கக் கெளுத்தியோ அயிரையையும் கெண்டைக் குஞ்சையும் தவளையையும் ஒருங்கே தின்று தீர்க்கும். தாமிரபரணிக்கே உரிய ஒரு கெண்டை இனம் உண்டு. அறிவியலார் அதற்கு அந்நதியின் பெயரையே சேர்த்து 'டாகின்சியா தாம்பரபர்ணியை' என்று பெயரிட்டுள்ளனர். உலகில் வேறெங்கும் அது இல்லை. இங்கே அழிந்தால் அது முற்றாக அழிந்ததேயாகும்.

மற்றொரு வழக்கத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். பள்ளிவாசல் ஹவுளில் கொசுப்புழுவையும் பாசியையும் தின்பதற்காகச் சிறு மீன்களை விடுவது பல ஊர்களில் உண்டு. அதைக் கண்டு, வீட்டுத் தொட்டியில் பெரிதாகிவிட்ட கெளுத்தியையும் ஹவுளில் விடலாமே என்று எவரேனும் நினைக்கக்கூடும். வேண்டாம். கெளுத்தியின் முதுகுத் துடுப்பிலும் பக்கத் துடுப்புகளிலும் ரம்பம் போன்ற முள் இருக்கிறது. உளூச் செய்யக் கை நீட்டும் முதியவரையும் சிறுவரையும் அது காயப்படுத்தலாம். ஏற்கனவே அங்குள்ள சிறு மீன்களைத் தின்று தீர்ப்பதோடு, தன் கழிவால் நீரையும் கெடுத்துவிடும். ஹவுளைக் கழுவ நீரைத் திறந்துவிடும்போது, அது வாய்க்கால் வழியே குளத்துக்கும் போய்ச் சேரும். கிணற்றில் விடுவதும் இவ்வாறே தவறானது.

ஏற்கனவே வளர்ப்போர் செய்ய வேண்டியவை

உங்கள் வீட்டில் இத்தகைய மீன் இப்போதே இருக்கிறதா? கலங்க வேண்டாம். வாங்கிய கடைக்காரரிடம் திருப்பித் தர முடியுமா என்று முதலில் கேளுங்கள். சிறிதாக இருக்கும்போதே கேட்பது நல்லது. பெரிதான பின் எடுத்துக்கொள்வார் அரிது. வெளிநாடுகளிலும் பெரிய காட்சித் தொட்டிகளை நடத்துவோர், "எங்களிடம் இனி இடமில்லை" என்று கைவிரிக்கும் அளவுக்குச் செவ்வால் கெளுத்திகள் வந்து குவிந்ததுண்டு. கடைக்காரர் ஏற்கவில்லையெனில், மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தை அணுகுங்கள். தூத்துக்குடியில் 1977ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் மீன்வளக் கல்லூரியிலும் ஆலோசனை பெறலாம்.

தொட்டி மீனைச் சமைத்து உண்ணலாமா என்று சிலர் கேட்கலாம். வெண்புள்ளி நோய்க்காக மாலகைட் பச்சை போன்ற மருந்துகள் தொட்டியில் இடப்பட்டிருக்கும். இவை உணவு மீனுக்குத் தடை செய்யப்பட்டவை. மனித உடலுக்குக் கேடானவை. ஆகவே மருந்திட்ட தொட்டியின் மீனை உண்ணலாகாது.

மீனை இடம் மாற்றும்போது வலையைப் பயன்படுத்தினால் முள் சிக்கி மீனும் காயப்படும், வலையும் கிழியும். அகன்ற பிளாஸ்டிக் வாளியை நீருக்குள் அமிழ்த்தி மீனை நீரோடு சேர்த்தே எடுங்கள். முள் குத்திவிட்டால், பொறுக்கும் அளவுக்குச் சூடான நீரில் கையை அமிழ்த்தி வைத்தால் கடுப்புத் தணியும். பிறகு மருத்துவரிடம் காட்டி, தேவையெனில் டெட்டனஸ் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். தொட்டிக்குள் கை விடுமுன் மின்சார இணைப்புகள் அனைத்தையும் பிடுங்கிவிட வேண்டும் என்பதைப் பிள்ளைகளுக்கு முதற்பாடமாகச் சொல்லிக் கொடுங்கள்.

வாங்குமுன் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

இனி மீன் வாங்கச் செல்வோர், கடைக்காரரிடம் தயங்காமல் இவற்றைக் கேட்கட்டும். இம்மீனின் உண்மையான பெயர் என்ன? முழுதாக வளர்ந்தால் எத்தனை அங்குலம்? எத்தனை ஆண்டு வாழும்? மற்ற மீன்களோடு ஒத்துப்போகுமா? பெரிதானால் நீங்கள் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா? இவ்வைந்துக்கும் தெளிவான விடை கிடைக்காத மீனை வாங்காமல் வருவதே நலம்.

மீசையுள்ள மீன்தான் வேண்டும் என்று பிள்ளை அடம் பிடித்தால், அதற்கும் வழியுண்டு. கோரிடோரஸ் என்னும் சின்னஞ்சிறு கெளுத்தி ஆயுள் முழுவதும் இரண்டு மூன்று அங்குலத்தைத் தாண்டாது. ஐந்தாறாகச் சேர்த்து வளர்த்தால், தொட்டியின் அடியில் மணலைக் கிளறிக்கொண்டு கூட்டமாகத் திரிவது கண்ணுக்கு விருந்து. மூன்றடித் தொட்டி இவற்றுக்குப் போதும். கப்பி, மோலி, பிளாட்டி, வரிக்குதிரை மீன் ஆகியவையும் சிறு தொட்டிக்கு ஏற்றவை. அவற்றையும் குளத்தில் விடலாகாது என்பதைச் சேர்த்தே சொல்லி வையுங்கள்.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளை கேட்டதை வாங்கிக் கொடுப்பது எளிது. வாங்கும் முன், "இது உன்னோடு எத்தனை ஆண்டு இருக்கும்? இதற்கு எவ்வளவு இடம் வேண்டும்? தண்ணீரை யார் மாற்றுவது?" என்று அவனோடு அமர்ந்து பேசிக் கணக்கிடுவதில்தான் வளர்ப்பு இருக்கிறது. ஓர் உயிரின் அளவை அறிந்து, தன் வீட்டின் அளவையும் அறிந்து, "இது நம்மால் முடியாது" என்று கடையிலேயே சொல்லக் கற்றுக்கொண்ட பிள்ளை, நாளைக்குப் பெரிய காரியங்களிலும் அந்த நிதானத்தை இழக்க மாட்டான்.

பண்டிகை விடுமுறை முடிந்து ஊருக்குத் திரும்பும் உறவினர்களிடமும், அக்கம்பக்கத்து வீடுகளிலும் இச்செய்தியைச் சொல்லுங்கள். நம் குளங்கள் நம் முன்னோர் வெட்டி வைத்தவை. நாளை நம் பேரப்பிள்ளைகள் அவற்றில் அயிரையும் கெளுத்தியும் பிடிக்க வேண்டும். வேறொரு பயனுள்ள பொருளோடு அடுத்த இதழில் சந்திப்போம், இன்ஷா அல்லாஹ்.